பட்டைத்தண்ணீர் பட்ட நாக்கு

பூசைக்குப் போகுமுன் பல் விளக்கலாமா கூடாதா என்று இனிமேல் என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். விளக்குங்கள். விளக்காமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறவர்களால்தான் எனக்குத் தொந்தரவு.

எடுத்த எடுப்பில் கோபப்படுகிறாளே என்று நினைக்காதீர்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தெரியாதவள் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பும் நின்றுபோனது. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் கொஞ்சம் தைரியம் வருகிறது, அவ்வளவுதான். இப்போதெல்லாம் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும், தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம் என்று திருச்சபையே சொல்லிவிட்டது. அப்படியும் ஞாயிற்றுக்கிழமை கோயிலை விட்டு வெளியே வந்தால் பெண்கள் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். "மாத்திரை முழுங்கிட்டேன், நன்மை வாங்கலாமா?" "வெத்தலைச் சாறு உள்ள போய்டுச்சி, இன்னா பண்றது?" "நீங்க பழைய ஆளு, சொல்லுங்க." சாமியார் அங்கேதான் நாலடி தள்ளி நிற்கிறார். அவரைக் கேட்க மாட்டார்கள். என்னைக் கேட்பார்கள். எனக்கு எரிச்சல் வருகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இப்படிக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் நின்ற கூட்டத்தால் என் கலியாணமே நின்றுபோக இருந்தது.

நான் சொல்வது வெள்ளைக்காரன் ஆண்ட காலம். எங்கள் ஊர் ஆம்பூருக்குக் கொஞ்சம் தள்ளி, பாலாற்றை ஒட்டி இருந்தது. ஓடு போட்ட சின்னக் கோயில். சாமியார் மாதம் ஒரு தடவை மாட்டுவண்டியில் வருவார். வெள்ளைக்காரச் சாமி. மற்ற நாளெல்லாம் செபம் சொல்ல, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்க ஓர் உபதேசியார் இருந்தார். ஊரில் ஆண்கள் முக்கால்வாசிப் பேர் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை. ஷாப்புக்காரர்கள் எல்லாரும் சாயபுமார்கள்.

அந்தக் காலத்தில் நன்மை வாங்குகிறவர்கள் நடுராத்திரியிலிருந்து எதையும் விழுங்கக் கூடாது. தண்ணீர் கூடக் கூடாது. சட்டம் அவ்வளவுதான், அதில் ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டம் எங்கள் உபதேசியாரிடம் இருந்தது. தெரியாது என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. யார் எதைக் கேட்டாலும் "கூடாது" என்பார். கூடாது என்று சொல்லிவிட்டால் தப்பு தன் மேல் வராது என்று நினைத்தாரோ என்னவோ. மழையில் நடந்து வரும்போது உதட்டில் சொட்டு விழுந்தால்? நன்மை கூடாது. கொசு வாய்க்குள் போய்விட்டால்? கூடாது. வெள்ளிக்கிழமை மாமிசம் விலக்கு என்பதால், அன்றைக்குத் தோலில் ஒட்டியிருக்கும் சதையைச் செதுக்குகிற வேலைக்குப் போகலாமா என்று ஒருத்தர் கேட்கப்போய், அதற்கும் கூடாது என்று சொல்லிவிட்டார். செதுக்குகிற ஆட்கள் வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. சாயபு ஆள் அனுப்பிச் சண்டை பிடித்தார். அடுத்த மாதம் சாமியார் வந்து, "சாப்பிடுவதுதானே விலக்கு, செதுக்குவது இல்லையே" என்று தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்கு ஊர் முன்னால் உபதேசியாருக்கு நல்ல திட்டு. "உனக்குத் தெரியாவிட்டால் என்னைக் கேள்" என்று சாமியார் சொன்னார். அதிலிருந்து உபதேசியார் சாமியாரை எதுவுமே கேட்பதில்லை என்று முடிவு செய்துகொண்டார். கேட்டால்தானே திட்டு வரும்.

சாமியார் வருகிற ஞாயிறுகளில் கோயில் வாசலில் உபதேசியார் நிற்பார். நன்மை வாங்கப் போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, "வாயில எதுனா பட்டுச்சா?" என்று கேட்பார். இப்படி ஒரு வழக்கம் வேறு எந்தக் கோயிலிலும் நான் பார்த்ததில்லை. திருப்பத்தூரிலும் இல்லை, வேலூரிலும் இல்லை. எங்கள் ஊரில் மட்டும் மாட்டின் பல்லைப் பார்த்து வாங்குகிற மாதிரி ஆளைப் பார்த்துக் கோயிலுக்குள் விட்டார்கள்.

இனி என் கலியாணத்துக்கு வருகிறேன்.

என்னைப் பெண் பார்க்க அதற்கு முன்பே ஆட்கள் வந்து போயிருந்தார்கள். வந்தவர்கள் பேர் கேட்பார்கள், செபம் சொல்லச் சொல்வார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். "ஊமைப் பொண்ணை நம்ம தலையில கட்டப் பாக்கறாங்க" என்று ஒரு வீட்டார் தெருவிலேயே சொல்லிக்கொண்டு போனார்கள். என் அம்மா அன்றைக்கெல்லாம் அடுப்பு மூட்டவில்லை. கடைசியாக வந்தவர்தான் அவர், என் வீட்டுக்காரர். அவருடைய குரல் எனக்கு முன்னமே தெரியும். ஆண்கள் பக்கத்தில் முழங்காலில் இருந்து செபமாலை சொல்லும்போது மற்றவர்களெல்லாம் வேலைக்கு நேரமாகிவிட்டது போல ஓட்டுவார்கள். அவர் மட்டும் ஒவ்வொரு சொல்லையும் முழுசாகச் சொல்வார். பெண் பார்க்க வந்த அன்று நான் வழக்கம் போல வாய் திறக்கவில்லை. அவர் அம்மா முகத்தைச் சுளித்தார். அவர்தான், "பேசாட்டி போவட்டும்மா, பேசறதுக்கு நீ ஒருத்தி போதாதா வூட்ல?" என்றார். அதோடு முடிந்தது.

முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். அவர் அம்மா நினைக்கவில்லை. அவருக்குத் திருப்பத்தூரில் அண்ணன் மகள் இருந்தாள். முறைப்பெண். அவளைத்தான் கட்டவேண்டும் என்று கடைசி வரை பிடிவாதம். மகன் கேட்காததால் சரி என்றாரே தவிர, ஏதாவது ஒரு தடங்கல் வராதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கோயிலில் கலியாணத்தை ஊருக்கு அறிவிக்க மூன்று ஓலை வாசித்தார்களே, ஒவ்வொரு தடவையும் யாராவது ஆட்சேபனை சொல்ல மாட்டார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்ததை நானே கண்டேன்.

விபூதி புதனுக்கு முந்தின திங்கட்கிழமை கலியாணம் என்று வைத்தார்கள். புதன் வந்தால் நாற்பது நாள் தபசு காலம் ஆரம்பம். அதில் கலியாணப் பூசை கிடையாது. அந்தத் திங்கள் தவறினால் ஈஸ்டர் கழிந்துதான். அதுவரைக்கும் என் மாமியாராகப் போகிறவர் சும்மா இருப்பாரா? திருப்பத்தூருக்கு ரயில் ஓடிக்கொண்டுதானே இருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் சாமியார் வந்தார். சங்கீர்த்தனத் தொட்டி என்கிற மரக்கூண்டில் அவரிடம் பாவங்களைச் சொல்லி நான் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிட்டேன். மாப்பிள்ளையும் பண்ணிவிட்டார். விடிந்தால் கலியாணம். கோயிலுக்குப் பின்னால் அடுப்பு வெட்டி ஆட்டுக்கறி வேக வைத்துக்கொண்டிருந்தார்கள். நன்மை வாங்க இருக்கிறவர்களெல்லாம் வெறும் வயிற்றோடு அந்த வாசனையில் உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பக்கத்தில் இருந்தவளின் வயிறு செபத்துக்குப் பதில் சொல்கிற மாதிரி இரைந்தது.

அவர் வேலை பார்த்த ஷாப்பு சாயபுதான் மாப்பிள்ளைக்குத் தன் குதிரை ஜட்கா தருவதாகச் சொல்லியிருந்தார். அதை வாங்கிவர அவர் விடியற்காலையில் ஷாப்புக்குப் போனார். அங்கே அவருக்கு என்ன வேலை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆவாரம் பட்டையை இடித்துத் தண்ணீரில் ஊறவைத்த குழிகளில்தான் தோலைப் போடுவார்கள். அந்தத் தண்ணீரில் துவர்ப்பு எவ்வளவு இருக்கிறது, புதுப் பட்டை போட வேண்டுமா என்பதை நாக்கில் வைத்துத்தான் சொல்ல வேண்டும். குழி குழியாகப் போய் விரலை விட்டு நாக்கில் தொட்டுத் துப்புவார். நாளெல்லாம் இதுதான். அன்றைக்கும் ஜட்கா பூட்டும் வரை குழிப்பக்கம் நின்றிருக்கிறார். கலியாண வேட்டி, புதுச் சட்டை, கழுத்தில் துண்டு. விரல் தானாகக் குழிக்குள் போய்விட்டது. நாக்கில் வைத்ததும் ஞாபகம் வந்திருக்கிறது. துப்பிவிட்டார்.

துப்பிவிட்டுப் பேசாமல் வந்திருக்கலாம். ஆனால் கோயில் வாசலில் உபதேசியார் நிற்கிறாரே.

"வாயில எதுனா பட்டுச்சா?"

"பட்டைத் தண்ணி பட்டுச்சி, உபதேசியாரே. கை தானா போய்டுச்சி. துப்பிட்டேன்."

நான் உள்ளே பெண்கள் பக்கம் சன்னலை ஒட்டி முழங்காலில் இருந்தேன். எல்லாம் கண்ணிலும் காதிலும் விழுந்தது.

"துப்பினியா? எல்லாத்தையும் துப்பினியா?"

"எல்லாம்தான்."

"நாக்குல துவர்ப்பு இருக்குதா இப்ப?"

அவருக்குப் பொய் சொல்ல வராது. "இருக்குது" என்றார்.

"துவர்ப்பு இருக்குதுன்னா பட்டை இருக்குது. பட்டை இருக்குதுன்னா உபவாசம் போச்சி."

"துவர்ப்பு எப்பவும் இருக்குங்க. ராத்திரி சோறு தின்னாலும் இருக்கும். ஞாயித்துக்கிழமையும் இருக்கும்."

"ஞாயித்துக்கிழமையுமா? அப்ப இத்தனை நாளா நீ வாங்கின நன்மையெல்லாம் இன்னாப்பா ஆச்சி?"

இதைக் கேட்டதும் வாசலில் நின்றிருந்த ஷாப்பு ஆட்கள் எல்லாரும் அவரவர் நாக்கை வாய்க்குள் துழாவிப் பார்த்தார்கள். எனக்கு உள்ளேயிருந்து தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

உபதேசியார் தீர்ப்புச் சொன்னார். மாப்பிள்ளை நன்மை வாங்கக் கூடாது. மாப்பிள்ளை நன்மை வாங்காமல் பெண் மட்டும் வாங்கினால் அது அரைக் கலியாணம். கலவை ஊர்ப் பக்கத்தில் அப்படி ஒரு கலியாணம் நடந்து, அந்தப் புருஷனும் பெண்சாதியும் இன்று வரை ஒரு சட்டியில் சாப்பிடுவதில்லை. அதனால் கலியாணம் ஈஸ்டருக்குப் பிறகு.

கூட்டம் பேச ஆரம்பித்தது. ஒருத்தர், உப்புத் தண்ணீரால் கொப்பளித்தால் சரியாகிவிடும் என்றார். இன்னொருத்தர், கொப்பளித்தால் தண்ணீர் பட்ட தோஷம் வேறு சேரும் என்றார். நாக்கை வெள்ளைத்துணியால் துடைக்கலாம் என்று ஒருத்தி. துணி மந்திரித்த துணியா என்று கேட்டாள் மற்றொருத்தி. என் அம்மா அழத் தொடங்கினார். உடனே ஒரு கிழவர், கண்ணீர் உதட்டில் பட்டால் அம்மாவின் உபவாசமும் போயிற்றா என்று உபதேசியாரைக் கேட்டார். அதற்கும் உபதேசியார் யோசிக்கத்தான் செய்தார்.

ஜட்காவை ஓட்டிக்கொண்டு சாயபுவே வந்திருந்தார். வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா பேஜாரு இது?" என்றார். "நோன்பு மாசத்துல எங்க வூட்டுப் பொம்பளைங்க சால்னாவுக்கு உப்பு பாக்கறாங்க. நாக்குல வச்சித் துப்பிடறாங்க. நோன்பு அப்டியேதான் இருக்குது."

"பாய், உங்க சட்டம் வேற. எங்க சட்டம் வேற."

"சட்டம் வேற, சரி. நாக்கு ஒண்ணுதானே உபதேசியாரே?"

ஆட்கள் சிரித்தார்கள். அதுதான் தப்பாகப் போயிற்று. சிரிப்பைக் கேட்டதும் உபதேசியார் கல்லாக நின்றுவிட்டார்.

"சாமிய ஒரு வார்த்த கேட்டுடலாமே" என்று மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்.

"சாமி சங்கீர்த்தனத் தொட்டில உக்காந்துட்டாரு. பொம்பளைங்க வரிசை இருக்குது. சங்கீர்த்தனம் பண்றவங்களத் தவிர யாரும் கிட்ட போவக்கூடாது."

"அப்ப நான் சங்கீர்த்தனத்துக்கே போறேன்."

"ஆம்பளைங்களது நேத்தே முடிஞ்சிச்சி. அதுவுமில்லாம இது பாவமில்ல, உபவாச பங்கம். பாவமே இல்லாம தொட்டில போய் முழங்கால் போட்டா அதுதான் பாவம்."

இவ்வளவு பெரிய சட்டத்தைக் கேட்டதும் மாப்பிள்ளை ஒதுங்கி நின்றார். அவர் அம்மா அந்த நேரம் பார்த்து, "நல்ல காரியத்துல மொத அடியே சறுக்குதே. தபசு கழியட்டும். அதுக்குள்ள இன்னா இன்னா நடக்குதோ, யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிக்கொண்டே மடித்து வைத்திருந்த கூறைப் புடவை கொண்டுவந்த துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். ரயிலுக்குப் போகிறவர் மாதிரி.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் சாமியார் சும்மா உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பக்கம் இத்தனை பேர் கூடி அவர் என்ன சொல்வார் என்று சண்டை போடுகிறார்கள். போய்க் கேட்க ஒருத்தருக்கும் கால் வரவில்லை. என் வாழ்க்கை இந்த உபதேசியாருடைய ரோஷத்தில் மாட்டிக்கொண்டதே என்று நினைத்தேன். இவன் வாயில் ஒரு கூடை பட்டையை அடைத்துக் குழியில் இறக்கி ஊறவிட வேண்டும் என்று மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

திட்டி முடித்த பிறகுதான் தோன்றியது. இது பாவம்தானே? தொட்டிக்குப் போக ஒரு பாவம் வேண்டும் என்றாரே, இதோ கையில் இருக்கிறது.

எழுந்து பெண்கள் வரிசையில் போய் நின்றேன். கலியாணச் சேலையோடு. கோயில் முழுக்கக் குசுகுசு என்றது. "நேத்துதானே சங்கீர்த்தனம் பண்ணா? ஒரு ராத்திரில இன்னா பண்ணிட்டா?" என்று யாரோ கேட்டார்கள். முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். முன்னால் நின்றவள் என் முகத்தைப் பார்த்து இடம் விட்டாள்.

தொட்டியில் நடுவே சல்லடை மாதிரி ஒரு பலகை. அந்தப் பக்கம் சாமியாரின் காது மட்டும் தெரியும். முகம் தெரியாது. எனக்கு அது எவ்வளவு சௌகரியம் என்று சொல்லி முடியாது. பெண் பார்க்க வந்தவர்களும் ஒரு சல்லடைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் நான் நாள் முழுக்கப் பேசியிருப்பேன்.

"கடைசியாக எப்போது பாவசங்கீர்த்தனம் செய்தாய்?" என்றார். புத்தகத்தில் படித்த தமிழ் அவருக்கு.

"நேத்து சாயங்காலம், சாமி."

"நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன?"

"ஒருத்தர மனசுக்குள்ள திட்டிட்டேன் சாமி."

"எதனால்?"

அவ்வளவுதான். ஷாப்பு, குழி, விரல், நாக்கு, துவர்ப்பு, அரைக் கலியாணம், துணிப்பை, திருப்பத்தூர் முறைப்பெண் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என் பிறவியில் அவ்வளவு பேச்சு அதுவரை பேசியதில்லை. சாமியார் பெருமூச்சு விட்டது கேட்டது.

"விழுங்கினானா?"

"இல்ல சாமி. துப்பிட்டாரு."

"பிறகு என்ன?"

"நாக்குல துவர்ப்பு இருக்குதாம் சாமி."

"துவர்ப்பு சாப்பாடா? நான் காலையில் உப்பு வைத்துப் பல் விளக்குகிறேன். என் நாக்கில் உப்பு இருக்கிறது. நான் பூசை வைக்கவில்லையா?" குரல் கொஞ்சம் உயர்ந்து, பிறகு தணிந்தது. "அப்படியே உபவாசம் போயிருந்தாலும், நற்கருணை வாங்காவிட்டால் மெய்விவாகம் இல்லை என்று எங்கே எழுதியிருக்கிறது?"

எனக்கு உயிர் வந்தது. "அப்ப நீங்க வெளிய வந்து சொல்லிடுங்க சாமி" என்றேன்.

"முடியாது."

"ஏன் சாமி?"

"இங்கே கேட்டதை நான் வெளியே பேசக் கூடாது. எதையும், யாரிடமும். நீ சொன்னதால் நான் போய்ப் பேசினால் அதுவும் கூடாது. இது மெய்யான சட்டம். வெளியே வைத்து யாராவது என்னைக் கேட்டால் பதில் சொல்வேன். இப்போது மனஸ்தாப மந்திரம் சொல். நீ திட்டினாயே, அவருக்காக ஓர் அருள்நிறை மந்திரம் வேண்டிக்கொள்."

எழுந்து வெளியே வந்தேன். ஒரு கூடாதுவைத் தாண்டிப் போனால் அதற்குப் பின்னால் இன்னொரு கூடாது உட்கார்ந்திருக்கிறது. இது நிஜமான கூடாது வேறு. அதைக் குறை சொல்லவும் வழியில்லை. நான் திட்டினதை அவர் வெளியே சொல்ல மாட்டார் என்பதும் அதே சட்டம்தானே.

அருள்நிறை மந்திரத்தை வேகமாகச் சொல்லி முடித்தேன். மாப்பிள்ளை சொல்கிற மாதிரி முழுசு முழுசாகச் சொல்ல அன்றைக்கு நேரமில்லை. வாசலுக்குப் போனேன்.

"உபதேசியாரே" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "சாமிகிட்ட கேட்டுட்டேன். துப்பிட்டா பங்கமில்லயாம்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உபதேசியார் விரலை ஆட்டினார். "தொட்டில கேட்டத வெளிய சொல்லக் கூடாது! அது தெரியுமா உனக்கு?"

"அது சாமிக்குத்தான் கூடாது. எனக்கு இல்ல."

"நீ சொன்னா நாங்க நம்பணுமா?"

அந்த நேரம் சாமியார் தொட்டியை விட்டு எழுந்து, பூசை உடுப்பு உடுத்தப் போகிறவர், வாசல் பக்கமாக வந்தார். வந்து நின்றார். வானத்தைப் பார்த்தார். தாடியைத் தடவினார். கடிகாரத்தை எடுத்துப் பார்த்துத் திரும்ப உள்ளே போட்டார். கேட்கத்தான் நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. உபதேசியார் தரையைப் பார்த்தார். மாப்பிள்ளை உபதேசியாரைப் பார்த்தார். அவர் அம்மா துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஊர் முழுக்க வாயடைத்துப்போய் நின்றது. இவ்வளவு நேரம் யார் வாயும் ஓயவில்லையே, இப்போது என்ன ஆயிற்று இவர்களுக்கு!

சாமியார் ஒரு அடி எடுத்து வைத்தார். இனி விட்டால் போய்விடுவார்.

"சாமி" என்றேன். "பட்டைத் தண்ணிய நாக்குல வச்சித் துப்பிட்டா, நன்மை வாங்கலாமா?"

அவர் என் பக்கம் திரும்பினார். அப்படி ஒரு கேள்வியை இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறவர் மாதிரி புருவத்தைத் தூக்கினார். என்னையே இப்போதுதான் பார்க்கிறவர் மாதிரியும் இருந்தது.

"விழுங்கினதா?"

"இல்ல சாமி."

"வாங்கலாம்." பிறகு உபதேசியாரைப் பார்த்து, "தாலித் தட்டு எங்கே? நேரமாகிறது" என்றார். உள்ளே போய்விட்டார்.

இவ்வளவுதான். இரண்டு வார்த்தை. இதற்காக ஒரு காலை நேரம் முழுக்க ஓர் ஊர் தன்னைத் தானே அடித்துக்கொண்டது.

வேப்பமரத்தடியிலிருந்து சாயபு, "பொண்ணுக்கு வாய் கம்மின்னு சொன்னாங்களே, யாருய்யா சொன்னது?" என்று கேட்டார். ஆண்கள் பக்கம் பெரிய சிரிப்பு. அவர் அம்மா தோளிலிருந்து துணிப்பையை இறக்கிவிட்டு, "ஊமைன்னு நெனச்சி ஏமாந்துட்டான் என் புள்ள" என்றார். அதில் கோபம் இருந்தது. ஆனால் முன்பிருந்த கோபம் இல்லை. பேசுகிற மருமகளோடு சண்டையாவது போடலாம் என்று தோன்றியிருக்கும்.

சாமியார் தாலியை மந்திரித்துக் கொடுக்க, அவர் கட்டினார். பிறகு பூசை. நன்மை வாங்க இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலில் இருந்தோம். பார்க்கக் கூடாதுதான். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் நாக்கை நீட்டினார். காய்ந்த ஆவாரம் பட்டை நிறத்தில், நுனி வரைக்கும் பழுப்பு. சாமியாரின் கை ஒரு நொடி நின்றது. பிறகு அப்பத்தை அந்தப் பழுப்பின் மேலேயே வைத்தார்.

பந்தியில் கறிச்சோறு. தபசுக்கு முன்னால் கடைசிக் கறி என்பதால் எல்லாரும் வேகமாகச் சாப்பிட்டார்கள். மிச்சக் கறியைப் புதன்கிழமை நாய்க்குப் போடலாமா என்று யாரோ உபதேசியாரிடம் கேட்டார்கள். அவர் வாய் நிறையச் சோற்றோடு, "கூடாது" என்றார். சாமியாரின் வண்டி அப்போது தெரு முனையைக் கூடத் தாண்டவில்லை.

ஜட்காவில் போகும்போது அவர் என்னிடம் முதல் முதலாகப் பேசினார்.

"தொட்டில இன்னா பாவத்தச் சொன்ன?"

"அத உங்களுக்கு எதுக்குச் சொல்லணும்?"

"சொல்லக் கூடாதுன்னு சட்டமா?"

"சாமிக்குத்தான் சட்டம். எனக்கு இஷ்டமில்ல."

முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த சாயபு குதிரையைத் தட்டிவிட்டுச் சிரித்தார்.

இந்தக் கதையை நான் பெண்களிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்துவிட்டு, "அது சரி, பேஸ்ட்டு கொஞ்சம் உள்ள போய்ட்டா இன்னா பண்றது?" என்று கேட்கிறார்கள். இவர்களை என்ன செய்வது? சாமியார் அங்கேதான் நிற்கிறார். கேளுங்கள். இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுவார்.

உபதேசியார் மட்டும் திருந்தவில்லை. கலியாணத்துக்குப் பிறகும் சாமியார் வருகிற ஞாயிறெல்லாம் வாசலில் நின்று, "வாயில எதுனா பட்டுச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தார். என் வீட்டுக்காரருக்கும் அன்றிலிருந்து குளிர் விட்டுப்போயிற்று. வாசல் கிட்ட வந்ததும், உபதேசியார் கேட்பதற்கு முன்பே, அந்தப் பழுப்பு நாக்கை முழுசாக நீட்டிக் காட்டிவிட்டு உள்ளே போவார். பின்னால் வருகிற நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஊர் சிரிக்கிற சத்தத்தில், உபதேசியார் முகத்தைப் பார்க்காமல் நுழைய வேண்டியிருக்கும். எத்தனை சொன்னாலும் என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. "சட்டத்துல நாக்க நீட்டக் கூடாதுன்னு எங்க இருக்குது? போய்ச் சாமியக் கேளு" என்பார்.